விண்டோஸை மாற்றும் முன் கூத்துக் கொப்பிகளைக் காப்பாற்றுங்கள்

மட்டக்களப்புப் படுவான்கரையில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவரிடம் இரண்டு கணினிகள் இருக்கின்றன. ஒன்று 2016இல் வாங்கிய மடிக்கணினி. இன்டெல் ஐ5, ஆறாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். மற்றது, கட்டாருக்கு வேலைக்குப் போன மகன் விட்டுச் சென்ற டெஸ்க்டொப். அது ஐ5 ஒன்பதாம் தலைமுறை, 8 ஜிபி ரேம். இரண்டிலும் விண்டோஸ் 10 ஓடுகிறது.

அவருடைய தகப்பனார் ஓர் அண்ணாவியார், அதாவது கூத்துப் பழக்கும் ஆசான். அவர் வைத்திருந்த கூத்து ஏடுகளில் பெரும்பகுதி 1978 நவம்பர் சூறாவளியில் நனைந்து அழிந்துபோயின. மிஞ்சிய கொப்பிகளையும், அயலூர் அண்ணாவிமார் நம்பிக் கொடுத்த கொப்பிகளையும் இந்த ஆசிரியர் பல வருடங்களாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வருகிறார். சிலவற்றைப் பேஜ்மேக்கரில் பக்கம் கட்டிப் புத்தகமாக்கும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார். எல்லாமே அந்த மடிக்கணினியில்தான் இருக்கின்றன. வேறு பிரதி இருப்பதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை.

இனி அவருடைய வார்த்தைகளிலேயே: "கனடாவில் இருக்கும் மகள், விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, இனி அந்தக் கொம்பியூட்டரில் பேங்க் வேலை எதுவும் செய்யாதீர்கள் என்கிறாள். டவுனில் உள்ள கடைக்காரர், இரண்டுக்கும் 11 ஏறாது, ஒன்றே முக்கால் இலட்சத்துக்குப் புதிது எடுங்கள் என்கிறார். தங்கை மகன், 3,500 ரூபா கொடுத்தால் பைபாஸ் பண்ணி 11 போட்டுத் தருவார்கள் என்கிறான். என்னோடு படிப்பித்த நண்பரோ, அப்டேட்டை நிறுத்திவிட்டு அப்படியே பாவியுங்கள், ஒன்றும் ஆகாது என்கிறார். மாற்றினால் பாமினி எழுத்தெல்லாம் உடைந்துவிடுமா? மாற்றாவிட்டால் ஒருநாள் கொம்பியூட்டர் திறக்காமலே போய்விடுமா? இந்த வயதில் புதிதாகப் பழகத்தான் வேண்டுமா?"

அன்புள்ள ஐயா,

முதலில் உங்கள் இரண்டு பயங்களுக்கும் நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 11க்கு மாறுவதால் பாமினி உடையாது. மாறாவிட்டாலும் உங்கள் கணினி திறக்காமல் போகாது. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது என்னைக் கலங்க வைத்த இடம் வேறு. ஒரு சூறாவளியில் ஏடுகளைப் பறிகொடுத்த குடும்பம், மிஞ்சியதை எல்லாம் பத்து வருடப் பழைய ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்கிறது. விண்டோஸ் எந்தப் பதிப்பு என்பதை நிதானமாக யோசிக்கலாம். இதற்கு நிதானம் கூடாது. இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தக் கோப்புகளைப் பிரதி எடுப்பதுதான்.

குறைந்தது மூன்று பிரதிகள் இருக்க வேண்டும். ஒன்று மடிக்கணினியிலேயே இருக்கட்டும். இரண்டாவதை வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் எடுங்கள். எடுத்து முடிந்ததும் அதைக் கழற்றி வைத்துவிட வேண்டும். எப்போதும் கணினியோடு செருகியே இருந்தால், வைரஸ் வரும் நாளில் அதுவும் சேர்ந்து போகும். மூன்றாவது பிரதி உங்கள் வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் ஏறும் ஊரில் இருக்கும் உங்களுக்கு இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. கூகிள் டிரைவில் 15 ஜிபி வரை இலவசம். தட்டச்சு செய்த கூத்துகள் எத்தனை இருந்தாலும் அதில் ஒரு மூலைக்குத்தான் வரும். மகளோடு அதைப் பகிர்ந்து வையுங்கள். பென் டிரைவை மட்டும் நம்பாதீர்கள். அது ஒரு இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகத்தான்.

பிரதி எடுக்கும்போது பாமினி எழுத்துருக் கோப்பையும் பேஜ்மேக்கர் போட்ட சீடியையும் சேர்த்து எடுங்கள். பாமினி என்ற பெயரில் பல வடிவங்கள் உலாவுகின்றன. நீங்கள் பாவித்த அதே கோப்பு கையில் இருந்தால்தான் பக்கங்கள் நீங்கள் கட்டியபடியே நிற்கும்.

விண்டோஸ் 10க்கு உண்மையில் என்ன நடந்தது?

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29. மைக்ரோசொஃப்ட் அதற்கான ஆதரவை 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடித்துக்கொண்டது. ஆதரவு முடிந்தது என்றால், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளுக்கு மாதாமாதம் வந்துகொண்டிருந்த அடைப்புகள் இனி வராது என்று பொருள். கணினி வழக்கம்போல் திறக்கும், எழுதும், அச்சடிக்கும். மகள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் "இனித் தொடவே கூடாது" என்ற அளவுக்கு இல்லை.

நண்பர் சொன்ன "ஒன்றும் ஆகாது" என்பதை நான் ஏற்கமாட்டேன். 2017 மே மாதம் வான்னாகிரை என்ற வைரஸ் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் புகுந்து, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசொஃப்ட் அந்த வருடம் மார்ச் மாதமே அடைப்புக் கொடுத்திருந்தது. அப்டேட் செய்யாத கணினிகள்தான் மாட்டிக்கொண்டன. வேலியில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று ஊருக்கே சொன்ன பிறகும் அடைக்காமல் விட்ட தோட்டத்தின் நிலைதான் அது. விண்டோஸ் 11க்கு அடைக்கப்படும் ஓட்டைகளில் பல விண்டோஸ் 10லும் இருக்கக்கூடியவை. அதனால் ஒவ்வொரு மாதமும் விண்டோஸ் 10இன் பலவீனங்கள் இன்னும் வெளிச்சமாகும்.

வைரஸ் தடுப்புக்கு விண்டோஸோடு வரும் டிபெண்டர் இருக்கிறதே என்று யாராவது சொல்லக்கூடும். டிபெண்டருக்கான வைரஸ் அடையாளங்கள் விண்டோஸ் 10க்கு 2028 ஒக்டோபர் வரை வரும் என்பது சரிதான். ஆனால் தெரிந்த வைரஸை அடையாளம் காண்பது ஒன்று, அது நுழையும் வழியை அடைப்பது இன்னொன்று. இரண்டும் வேண்டும்.

நல்ல செய்தியும் உண்டு. வீட்டுப் பாவனையாளருக்காக மைக்ரோசொஃப்ட் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்களை நீட்டித்திருக்கிறது. கடைக்காரர் இதைப் பற்றி உங்களிடம் ஒன்றும் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருந்தால், செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்துக்குப் போங்கள். பதிவு செய்யச் சொல்லும் ஓர் இணைப்பு அங்கே இருக்கும். மைக்ரோசொஃப்ட் கணக்கில் உள்நுழைந்து, உங்கள் செட்டிங்ஸைச் சேமிக்க அனுமதித்தால் இலவசம். செட்டிங்ஸைச் சேமிக்க விருப்பமில்லை என்றால் 30 டொலர் கட்டலாம்; அதற்கும் மைக்ரோசொஃப்ட் கணக்கு வேண்டும். கணக்கோடு உள்நுழையும்போது ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் டொக்யுமென்ட்ஸ், டெஸ்க்டொப் எல்லாவற்றையும் மைக்ரோசொஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் ஏற்றவா என்று கேட்கும். அங்கே இலவச இடம் 5 ஜிபி மட்டும். சும்மா சரி சரி என்று அழுத்திக்கொண்டே போனால் இடம் நிரம்பி, பணம் கட்டச் சொல்லித் தொல்லை தொடங்கும். கோப்புகள் இடம் மாறி, "எல்லாம் காணாமல் போய்விட்டது" என்று பதறுகிறவர்களும் உண்டு. அதனால்தான் பிரதி எடுப்பதை முதலில் சொன்னேன்.

டெஸ்க்டொப்: கடைக்காரர் சொன்னது சரியா?

நீங்கள் எழுதிய விவரங்கள் சரி என்றால், மகனுடைய டெஸ்க்டொப்புக்கு விண்டோஸ் 11 ஏறும். இன்டெல்லில் எட்டாம் தலைமுறை முதல் மைக்ரோசொஃப்டின் பட்டியலில் இருக்கிறது. உங்களுடையது ஒன்பது. 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும்தான் அடிப்படைத் தேவை. அதையும் தாண்டி வைத்திருக்கிறீர்கள். பிறகு ஏன் ஏறாது என்றார்? என் ஊகம் இது: பிசி ஹெல்த் செக் என்ற சோதனையை ஓட்டிப் பார்த்திருப்பார். டிபிஎம் 2.0 இல்லை என்று சிவப்புக் குறி வந்திருக்கும். டிபிஎம் என்பது கடவுச்சொல், பூட்டுச் சாவி போன்றவற்றைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி. அந்தக் காலத்து இன்டெல் கணினிகள் பலவற்றில் அது உள்ளேயே இருக்கிறது. கணினி திறக்கும்போதே ஓடும் பயாஸ் என்ற அடிப்படை அமைப்பில், பிடிடி என்ற பெயரில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். அதை இயக்கினால் குறி பச்சையாகிவிடும்.

இன்னொரு தடங்கலும் வரக்கூடும். கணினி விண்டோஸைத் தொடங்குவதற்கு லெகசி என்ற பழைய முறையும் யுஇஎஃப்ஐ என்ற புதிய முறையும் உண்டு. விண்டோஸ் 10ஐ லெகசி முறையில் போட்டிருந்தால், யுஇஎஃப்ஐ முறைக்கு மாற்ற வேண்டும். அதற்குமுன் ஹார்ட் டிஸ்க்கின் அமைப்பை எம்பிஆர் என்ற பழைய வகையிலிருந்து ஜிபிடி என்ற புதிய வகைக்கு மாற்ற வேண்டும். கோப்புகளை அழிக்காமல் இதைச் செய்யும் கருவி விண்டோஸ் 10 உடனேயே வருகிறது. ஆனால் இதை நீங்களாகச் செய்யாதீர்கள். தங்கை மகன் விஷயம் தெரிந்த பிள்ளையாக இருந்தாலும், அதைச் செய்து பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யட்டும். கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல வரவில்லை. சிவப்புக் குறியைப் பார்த்ததும் அதோடு நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். "பயாஸில் பிடிடி அணைந்திருக்கிறதா என்று பார்த்தீர்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதிலைக் கொண்டே அவரிடம் வேலையைக் கொடுக்கலாமா என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அந்த விண்டோஸ் 10 முறையான உரிமத்தோடு இருந்தால், 11க்கு மாற ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. இறக்கப் பல ஜிபி டேட்டா போகும். மின்வெட்டும் இடியும் இல்லாத ஒரு காலை நேரமாகப் பார்த்துத் தொடங்குங்கள். யுபிஎஸ் இருந்தால் நல்லது. மாறிய பிறகு பிடிக்கவில்லை, அல்லது பிரிண்டர் வேலை செய்யவில்லை என்றால், 10 நாளுக்குள் ஒரு பொத்தானில் பழைய விண்டோஸ் 10க்குத் திரும்பிவிடலாம். அந்த 10 நாளுக்குள் உங்கள் பிரிண்டர், ஸ்கேனர், பேங்க் வேலை எல்லாவற்றையும் ஒருமுறை செய்து பாருங்கள். டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று பழைய கோப்புகளைத் துப்புரவு செய்யும் வசதியை அதற்குள் ஓட்டிவிடாதீர்கள். திரும்பும் வழி அதோடு போய்விடும்.

மடிக்கணினி: பைபாஸ் வேண்டாம்

ஆறாம் தலைமுறை மடிக்கணினிக்கு முறைப்படி 11 இல்லை. தங்கை மகன் சொன்ன பைபாஸ், அதாவது தகுதிச் சோதனையைத் தாண்டி 11ஐப் போடும் முறை, உண்மைதான். அப்படிப் போட்டால் உங்கள் கணினியில் 11 ஓடக்கூடும். ஆனால் தகுதி இல்லாத கணினிகளுக்கு அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசொஃப்ட் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. அப்டேட்டுக்காகத்தானே இவ்வளவும்? அந்த உறுதியே இல்லாத இடத்துக்கு, 4 ஜிபி ரேமோடு மூச்சு வாங்கும் ஒரு கணினியை ஏன் தள்ள வேண்டும்?

3,500 ரூபாவில் இன்னும் ஒன்று ஒளிந்திருக்கலாம். உரிமச் சாவிக்குப் பதிலாக "ஆக்டிவேட்டர்" என்ற ஒன்றைப் போட்டுத் தருவார்கள். அதைப் போடுவதற்கு முதலில் டிபெண்டரை அணைக்கச் சொல்லும். யார் எழுதியது, உள்ளே என்ன செய்கிறது என்று தெரியாத ஒரு நிரலுக்கு வீட்டின் முழு அதிகாரத்தையும் கொடுப்பதுதான் அது. ஓய்வூதியம் விழும் பேங்க் கணக்கை நீங்கள் அதே கணினியில்தான் திறக்கப்போகிறீர்கள். சட்டமும் இதற்குத் துணை வராது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது.

மடிக்கணினிக்கு என் யோசனை இதுதான். நீட்டித்த அப்டேட்டுக்குப் பதிவு செய்து 2026 ஒக்டோபர் வரை கொண்டுபோங்கள். இப்போதே ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு சுழலாத, வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, ரேமை 8 ஜிபி ஆக்குங்கள். புதுக் கணினி வாங்கும் காசில் சிறு பங்குதான் போகும். வேகத்தில் நீங்கள் காணும் மாற்றமோ விண்டோஸ் 11 தரக்கூடியதைவிட அதிகமாக இருக்கும். மெதுவாக ஓடுகிறது என்று நீங்கள் எழுதியிருந்ததற்குப் பெரும்பாலும் காரணம் அந்தச் சுழலும் டிஸ்க்தான். ரேம் எந்த வகை, இன்னொன்று போட இடம் இருக்கிறதா என்பதை வாங்கும் முன் பார்க்கச் சொல்லுங்கள்.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். அது உங்களுடையது. உங்கள் கூத்துகள் மட்டுமல்ல, ஊர்ச் சனங்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்களுடைய அடையாள அட்டைப் பிரதிகள், பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாம் அதில் கிடக்கும். கடை மேசையில் விட்டுவிட்டு வரக்கூடிய பொருள் இல்லை அது. போட்ட பாகங்களுக்கும் வேலைக்கும் பற்றுச்சீட்டு கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. நுகர்வோர் அதிகாரசபைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

2026 ஒக்டோபருக்குப் பிறகு மடிக்கணினிக்கு இரண்டு வழி. இணையத்தைத் துண்டித்துவிட்டு, பேஜ்மேக்கருக்கென்று தனியாக வைத்திருக்கலாம். அல்லது விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போடலாம். அது இலவசம். இப்போதைய 22ஆம் பதிப்புக்கு 2029 வரை அப்டேட் உண்டு. பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். ஹார்ட் டிஸ்க்கில் எதையும் தொடாது. மின்ட்டில் பேஜ்மேக்கரை எதிர்பார்க்க வேண்டாம். சில பழைய லேசர் பிரிண்டர்களும் லினக்ஸில் படுத்தும். அதனால் ஒத்திகை பார்க்கும்போதே உங்கள் பிரிண்டரைச் செருகி ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள்.

பாமினியும் பேஜ்மேக்கரும்

இனி நான் அதிகம் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். விண்டோஸ் மாற்றத்தால் உங்கள் எழுத்துக்கு ஆபத்து வராது என்றேன். ஆனால் ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. அது வேறு பக்கத்திலிருந்து வருகிறது.

பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் உருவங்களை வைத்த ஓர் எழுத்துரு. நீங்கள் "அம்மா" என்று அடிப்பது உங்கள் கண்ணுக்குத்தான் அம்மா. கணினிக்கு அது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு இல்லாத ஒரு கைபேசியில் அந்தக் கோப்பைத் திறந்தால் அப்படித்தான் தெரியும். கூகிளில் தேடினால் கிடைக்காது. உங்கள் பேத்தி நாளைக்கு "அருச்சுனன் வரவு" என்று தேடினால், கணினி அப்படி ஒன்று இல்லையே என்று சொல்லும். தமிழுக்கென்று தனி இடம் ஒதுக்கிய யூனிகோடு 1991இலேயே வந்துவிட்டது. இன்றைய கணினி, கைபேசி எல்லாமே அதைத்தான் தமிழாகப் புரிந்துகொள்கின்றன. எந்த விண்டோஸுக்கு மாறினாலும், மாறாவிட்டாலும், உங்கள் கூத்துகள் யூனிகோடுக்கு வந்தே ஆக வேண்டும்.

பேஜ்மேக்கர் இன்னும் அவசரம். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். அதன்பின் அடோபி அதைக் கைவிட்டது. விண்டோஸ் 11இலும் சிலர் அதை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒருநாள் ஓடாமல் போனால் கேட்க ஆள் இல்லை. அந்தக் கோப்புகளைத் திறக்கும் மற்றக் கதவுகளும் மூடிக்கொண்டு வருகின்றன. அடோபியின் புதிய பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனே சிஎஸ்6 பதிப்புக்குப் பிறகு அவற்றைத் திறப்பதில்லை. லிப்ரே ஒபிஸ் என்ற இலவச மென்பொருள் திறக்கப் பார்க்கும். பக்க அமைப்பு முழுதாக வரும் என்று நம்ப முடியாது. ஆகவே பேஜ்மேக்கர் இன்னும் நன்றாக ஓடும் இந்த மடிக்கணினியிலேயே, ஒவ்வொரு கூத்தையும் திறந்து பிடிஎஃப் ஆக்கி வையுங்கள். விண்டோஸ் 10இல் பிரிண்டர் பட்டியலிலேயே பிடிஎஃப் ஆக்கும் வசதி இருக்கிறது. பிடிஎஃப்பில் எழுத்துரு உள்ளேயே பொதிந்துவிடுவதால், நீங்கள் கட்டிய பக்கம் எந்தக் கைபேசியிலும் அப்படியே தெரியும். தேடவும் திருத்தவும் அது உதவாது. அதற்குத்தான் யூனிகோடு.

மாற்றுவதற்கு இலவச மாற்றிகள் இணையத்தில் கிடைக்கின்றன. பாமினி எழுத்தை ஒட்டினால் யூனிகோடு வரும். மொத்தத்தையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, பழையதை அழித்துவிடாதீர்கள். ஒரு சிறிய கூத்தை எடுத்து மாற்றி, வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள். எங்கே பிழை வரும் என்று எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

பாமினியில் தட்டச்சு செய்பவர்கள் பலர் "அவர்", "வந்தார்" போன்ற சொற்களில் ரகர மெய்க்குப் பதிலாகத் துணைக்காலை (ா) போட்டு அதன் மேல் புள்ளி வைத்துவிடுவார்கள். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. யூனிகோடுக்கு வந்ததும் அது ரகரம் ஆகாது, தேடலிலும் அகப்படாது. உங்களுக்கும் அந்தப் பழக்கம் இருந்தால், மாற்றிய பிறகு "கால், புள்ளி" என்ற கோர்வையைத் தேடி "ர்" என்று ஒரேயடியாக மாற்றிவிடலாம். ஔகாரம் வரும் சொற்களில் ஒகரமும் ளகரமும் தனித்தனியாக நிற்கும். அவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும். இடையிடையே ஆங்கிலத்தில் ஏதும் எழுதியிருந்தால் அது அர்த்தமில்லாத தமிழாகிவிடும். அந்த வரிகளை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள்.

கூத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. விருத்தமும் வசனமும் எளிதாக வந்துவிடும். தரு எனும் கூத்துப் பாட்டில் வரி உடையும் இடம் பாட்டின் இடம். தாளக்கட்டுச் சொற்களை இடைவெளி விட்டு ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்தியிருப்பீர்கள். எழுத்தின் அகலம் மாறும்போது அந்த வரிசை கலைந்துபோகும். வெற்றிடம் தட்டித் தட்டி நிறுத்தியவற்றை அட்டவணையாக மாற்றிக்கொண்டால் பிறகு கலையாது. இந்த இடத்தில் மாற்றியை நம்ப வேண்டாம். கூத்தைப் பாடத் தெரிந்த ஒருவர் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, மத்தளம் எங்கே விழும் என்று பார்த்துத்தான் சரிபார்க்க வேண்டும். அதைச் செய்ய உங்களைவிடத் தகுதியானவர் யார் ஐயா?

ஒரு யோசனை. தட்டச்சு செய்து முடித்தாயிற்றே என்று மூலக் கொப்பிகளை மறந்துவிடாதீர்கள். அவற்றையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அதே மூன்று இடங்களிலும் வையுங்கள். ஓர் அண்ணாவியார் ஓரத்தில் எழுதிய குறிப்பு எந்த எழுத்துருவிலும் வராது. கொப்பி தந்தவர்கள் சம்மதித்தால், ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்திப் பாதுகாக்கும் நூலகம் நிறுவனத்துக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம்.

பழகுவதைப் பற்றி

இந்த வயதில் புதிதாகப் பழக வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். விரல்கள் பழகத் தேவையில்லை. என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்களில் பாமினி விசைமுறையே இருக்கிறது. நீங்கள் இன்று அடிப்பதுபோலவே அடிக்கலாம். விழுவது யூனிகோடாக இருக்கும். விண்டோஸ் 11இல் தொடங்கும் பொத்தான் நடுவுக்கு வந்திருப்பதுதான் முதலில் கண்ணை உறுத்தும். அதைப் பழையபடி இடப்பக்கத்துக்கு மாற்றவும் வசதி உண்டு.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியது இன்னொன்றில். "உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது, இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று திரையிலோ தொலைபேசியிலோ யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மைக்ரோசொஃப்ட் யாருக்கும் அப்படி அழைப்பு எடுப்பதில்லை. அதன் எச்சரிக்கைத் திரைகளில் தொலைபேசி எண் இருக்காது. தூரத்திலிருந்து உங்கள் கணினியைப் பார்க்கும் மென்பொருளைப் போடச் சொன்னால், உடனே இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். மகள் அழைத்து அதைச் செய்யச் சொன்னால் அது வேறு.

ஒன்றே முக்கால் இலட்சம் இப்போது செலவழிக்க வேண்டாம். பேங்க் வேலைகளை 11 ஏறிய டெஸ்க்டொப்பில் செய்யுங்கள். மகள் கேட்பதும் அதுதான். மடிக்கணினி கூத்துக்கு இருக்கட்டும். பின்னால் எப்போதாவது புதிது வாங்கினால், மைக்ரோசொஃப்ட் கணக்கோடு உள்நுழையும்போது டிஸ்க் தானாகவே மறைகுறியாக்கப்படக்கூடும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்படக்கூடும். அதன் 48 இலக்க மீட்புச் சாவி உங்கள் கணக்கில் சேமிக்கப்படும். அந்தக் கணக்கின் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அவை மறந்துபோய், சாவியும் கிடைக்காமல், டிஸ்க்கில் உள்ளதெல்லாம் கைவிட்டுப் போவது உண்டு.

வேலையின் வரிசை இது: இன்றைக்கே பிரதி. இந்த வாரம் நீட்டித்த அப்டேட்டுக்குப் பதிவு, பேஜ்மேக்கர் கோப்புகள் பிடிஎஃப். அடுத்து டெஸ்க்டொப்புக்கு 11. எஸ்எஸ்டியும் ரேமும் கையில் காசு வரும்போது. யூனிகோடு மாற்றம் மட்டும் மாதக்கணக்கில் போகும், போகட்டும். தங்கை மகனுக்குக் கணினியில் கை வேகம் இருக்கும்போல் தெரிகிறது. மாற்றியில் ஒட்டி எடுக்கும் வேலையை அவனிடம் கொடுங்கள். சரிபார்ப்பதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் கூத்து முடிந்ததும் அதை மகளுக்கு வாட்ஸப்பில் அனுப்பி, எழுத்து ஒழுங்காகத் தெரிகிறதா, கதாபாத்திரத்தின் பெயரைத் தேடினால் அகப்படுகிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் அடுத்த கொப்பியை எடுக்கலாம்.